இல்லாளுக்கு இல்லம் உண்டா?

மனைவியைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்களை மாணவர்க்குக் கற்பிக்கும்போது நாம் பெரிதும் பெருமிதம் கொள்கிறோம். மனையை உடையவள் மனைவி. இல்லத்தை ஆள்பவள் இல்லாள். மனையாள், இல்லக்கிழத்தி, இல்லத்தரசி என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். 'இல்லாள்' என்பதற்கு நேரான ஆண்பாற்சொல்லாக 'இல்லான்' என்று சொன்னால், அது வீட்டுக்கு உரியவனைக் குறிக்காது. ஒன்றுமற்ற வறியவனையே குறிக்கும். பார்த்தீர்களா, வீட்டை மொழி பெண்ணுக்கே எழுதி வைத்துவிட்டது என்று முடித்துக் கைதட்டலும் பெறுகிறோம். பட்டிமன்ற மேடைகளில் இதைச் சொல்லாத பேச்சாளர் அரியர்.

மொழி எழுதிக் கொடுத்த பட்டயம் நிலப் பதிவகத்தில் செல்லாது. அங்கே செல்வது ஒரு தாளும் அதில் பதிந்த பெயருமே. அந்தத் தாளில் பெயர் இல்லாத இல்லாள், கணவன் வாங்கிய கடனுக்காக வீடு ஏலத்துக்கு வரும் நாளில், அச்சொல்லின் மற்றொரு பொருளுக்கு உரியவள் ஆகிறாள்: இல்லாதவள். இக்கட்டுரையின் வழக்கு அவளைப் பற்றியது.

கேலாங்கில் வாழ்வோர்க்கு வீட்டின் நிலையாமை புதிய செய்தி அன்று. லோரோங் 3இல் நின்ற 191 தரைவீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் நாள் முடிந்தது. நிலம் அரசிடம் திரும்பியது. இழப்பீடு இல்லை. அவ்வீடுகளை இழந்தோர் வருந்தினர் என்பது உண்மை. ஆயினும் அந்த நாள் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தது. விரும்பியவர் எவரும் அதைப் படித்து அறிந்திருக்கலாம். கணவன் பெயரில் மட்டும் இருக்கும் வீட்டில் வாழும் மனைவிக்கு அப்படி ஒரு நாள் குறித்துக் கொடுக்கப்படுவதில்லை. தவணை எத்தனை மாதம் நின்றது, வீட்டின் மீது இரண்டாவது அடமானம் ஏறியிருக்கிறதா, வங்கி இறுதி அறிவிப்பு அனுப்பிவிட்டதா என்பவற்றுள் ஒன்றையும் அவளுக்குத் தெரிவிக்கும் கடமை எவருக்கும் இல்லை. தெரிவிக்கக் கூடாது என்பதே விதி. வங்கிச் சட்டத்தின் 47ஆம் பிரிவு வாடிக்கையாளர் கணக்கை இரகசியமாகக் காக்கச் சொல்கிறது. இருபது ஆண்டு உடன் வாழ்ந்தவளும் அந்தப் பிரிவின் முன் ஓர் அயலாளே.

இது எவ்வாறு நேர்ந்தது? மாதர் சாசனம் இருக்கிறதே என்பர் சிலர். இருக்கிறது, அது பெருமைக்குரிய சட்டம் என்பதில் ஐயமில்லை. ஷிரின் ஃபோஸ்டார் போன்றோர் ஆண்டுக்கணக்கில் போராடியதாலும், சான் சோய் சியோங் போன்றோர் அவையில் முழங்கியதாலும் 1961இல் அது பிறந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதை (முஸ்லிம் திருமணங்கள் நீங்கலாக) சட்டமாக்கியது; மணமான பெண் தன் பெயரில் சொத்து வாங்கவும் விற்கவும் வழக்காடவும் முழு உரிமை உடையவள் என்று உறுதி செய்தது. ஆனால் அவளுடைய சொத்து அவளுக்கு என்று சொன்ன அதே மூச்சில், அவனுடைய சொத்து அவனுக்கு என்பதும் நிலைபெற்றுவிட்டது. மணம் நிலைத்திருக்கும் வரையில் கணவனும் மனைவியும் சொத்து விஷயத்தில் இரண்டு தனி ஆட்கள். மணவாழ்வில் சேர்த்த சொத்தை நியாயமாகவும் ஒப்புரவாகவும் பங்கிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு; சமைத்ததும் பிள்ளை வளர்த்ததும்கூட அப்போது கணக்கில் சேரும். நெடுங்காலம் ஒருவர் பொருளீட்ட மற்றவர் இல்லம் பேணிய குடும்பங்களில் சம பங்கை நோக்கியே தீர்ப்புகள் சாய்வதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் எடுத்துக்காட்டிற்று. எல்லாம் சரி. ஆனால் அந்த அதிகாரம் எப்போது விழிக்கிறது? மணவிலக்கு, மணமுறிவாணை, நீதிமன்றப் பிரிவினை இவற்றுள் ஒன்று நேரும்போதுதான்.

இதன் பொருளைச் சற்று நிறுத்தி எண்ணிப் பாருங்கள். கணவனை விட்டுப் பிரிய வழக்குத் தொடுப்பவளுக்கு வீட்டில் பங்கு உண்டு. கடன்பட்டு நொந்த கணவனை விடாமல் பக்கத்தில் நிற்பவளுக்கு இல்லை. எந்தக் குணத்தைக் கற்பென்றும் பொறையென்றும் நாம் பாடம் நடத்துகிறோமோ, அந்தக் குணத்தை உடையவளையே சட்டம் வெறுங்கையளாக விடுகிறது. அவள் பொறுத்திருக்கும் காலமெல்லாம் வீட்டின் மதிப்பைக் கடன் அரித்துக்கொண்டே போகும். நீதிமன்றம் பங்கிடக் கூடியது கடன் போக எஞ்சியதை. எஞ்சாததை எந்த நீதிபதியாலும் பங்கிட முடியாது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் என் கற்பனை; வழிமுறை கற்பனை அன்று. கேலாங்கின் ஏதோ ஒரு லோரோங்கில் ஒரு தனியார் அடுக்குமாடி வீடு. பத்திரத்தில் கணவன் பெயர் மட்டுமே. மனைவி வேலைக்குச் செல்பவள். அவள் சம்பளம் மளிகைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் மாமியாரின் மருந்துக்கும் போயிற்று. அவன் சம்பளம் தவணைக்குப் போயிற்று. பிறகு அவன் ஒரு தொழில் தொடங்கி, அதே வீட்டை ஈடு காட்டி வங்கியில் மேலும் கடன் பெற்றான். தொழில் நொடித்தது. வங்கி வீட்டைக் கைப்பற்றி 11 இலட்சம் வெள்ளிக்கு ஏலத்தில் விற்றது. வீட்டுக்கடனும் தொழிற்கடனுமாக 8 இலட்சத்து 50 ஆயிரம் வங்கிக்கு. வழக்கறிஞர், ஏலத்தார் செலவு 30 ஆயிரம். மீதி 2 இலட்சத்து 20 ஆயிரம். வீட்டுக்காக அவன் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்த தொகை, இரண்டரை விழுக்காட்டு வட்டியோடு சேர்த்து 1 இலட்சத்து 80 ஆயிரம், அவனுடைய சேமநிதிக் கணக்குக்கே திரும்பும். எஞ்சுவது 40 ஆயிரம். அதுவும் அவனுக்கே, அல்லது வாசலில் காத்து நிற்கும் அவனுடைய மற்றக் கடன்காரர்களுக்கு. மனைவியின் வரிசை எங்கே? வரிசையே இல்லை. அவள் வாங்கிய அரிசிக்கும் பருப்புக்கும் பத்திரம் கிடையாது. மத்திய சேமநிதியைப் போட்டு உதவியிருக்கலாமே என்றால், உரிமையாளர் அல்லாதவர் அந்த நிதியை வீட்டுக்குப் பயன்படுத்த வழியில்லை.

இத்தனைக்கும் அவள் கழுத்து நகை, தவணை நின்ற மாதங்களில், அடகுக்கடைக்குப் போய் வந்திருக்கும். நகை அவளுடையது, வீடு அவனுடையது, அவளுடையதை வைத்து அவனுடையதை மீட்பது குடும்பம் எனப்படும். இதைப் பற்றிக் கண்ணீர்க் கதைகள் எத்தனையோ நம் தொகுப்புகளில் வந்துள்ளன. பாத்திரம் பண்டங்களோடு தெருவில் நிற்கும் தாயை நம் எழுத்தாளர்கள் நன்றாகவே வரைந்திருக்கிறார்கள். ஆனால் அந்த அடமானப் பத்திரத்தில் யார் கையெழுத்திட்டார், அவளிடம் யாரேனும் கேட்டார்களா என்று எழுதிய கதை எத்தனை? குற்றத்தை விதியின் மீதும் குடியின் மீதும் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். சிலப்பதிகாரத்தை நடத்தும்போதும் அப்படியே. கோவலன் செல்வத்தைத் தொலைத்தபின் கண்ணகியிடம் எஞ்சியவை சிலம்புகள். அவை அவளுடையவை ஆதலால் எஞ்சின. புகாரிலிருந்த அந்த மாளிகை என்னவாயிற்று என்று வகுப்பில் எந்த மாணவனும் கேட்டதில்லை. நாமும் கேட்கத் தூண்டியதில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் நிலைமை சற்று மேல். அவ்வீட்டை ஈடு காட்டித் தொழிலுக்குக் கடன் பெற இயலாது. சாதாரணக் கடன்காரர் அதைத் தொட முடியாது. சிங்கப்பூர்க் குடிமகன் நொடித்துப் போனாலும் கழக வீடு நொடிப்பு அதிகாரியின் கைக்குப் போவதில்லை. நாட்டு மக்களிற் பெரும்பாலோர்க்கு இதுவே கவசம். ஆனால் வீடு வாங்கிய கடனுக்கே தவணை கட்டத் தவறினால் கழகமோ வங்கியோ வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அந்த வீட்டிலும் பல மனைவியர் உரிமையாளர் அல்லர். 'வசிப்பவர்' என்றே பதியப்பட்டவர்கள். விண்ணப்பிக்கும் நாளில் குடும்பம் என்று காட்ட அவள் வேண்டும். அவள் வருமானமும் கூட்டப்படும். உரிமை மட்டும் கிடையாது. தனியார் வீடு ஏலம் போனபின் சலுகை விலையில் கழக வீடு கேட்டால் 30 மாதம் காத்திரு என்னும் விதி, ஒருநாளும் எந்த வீட்டுக்கும் உரியவளாக இராத அவளையும் சேர்த்தே காக்க வைக்கிறது. இழப்பில் பங்கு கொடுக்கும்போது மட்டும் சட்டத்துக்கு அவர்கள் இருவரும் ஒருவர்.

இதனினும் வியப்பானது, உள்ள பெயரையும் எடுத்துவிடும் இக்காலப் புத்திசாலித்தனம். வீடு வாங்குவோர்க்குக் கூடுதல் முத்திரைத் தீர்வை 2011 டிசம்பரில் வந்தது. 2023 ஏப்ரல் முதல் குடிமக்களின் இரண்டாம் வீட்டுக்கு அது 20 விழுக்காடு. அந்தத் தீர்வையைத் தவிர்க்கத் தனியார் வீட்டுப் பத்திரத்திலிருந்து ஒருவர் பெயரை நீக்குவதும், 99க்கு 1 என்று பங்கு எழுதுவதும் முகவர்கள் சொல்லித் தரும் வித்தைகளாயின. 99க்கு 1 ஏற்பாடுகளை உள்நாட்டு வருவாய் ஆணையம் தோண்டியெடுத்து, தீர்வையோடு அதன்மேல் 50 விழுக்காடு மிகுகட்டணமும் விதிக்கத் தொடங்கிற்று. தீர்வை பற்றி இவ்வளவு பேசினோமே, பெயர் நீக்கப்பட்டவரின் நிலை என்ன என்று பேசினோமா? ஆசிரியர் ஓய்வறைகளில்கூட இப்பேச்சு முதலீட்டுச் சாமர்த்தியமாகவே கேட்கிறது. கையெழுத்திட்டு வெளியேறும் மனைவி தன் கூரையையே கையெழுத்திட்டுக் கொடுக்கிறாள் என்று அவளுக்குச் சொன்னவர் யார்?

பத்திரத்தில் பெயர் இருந்துவிட்டால் எல்லாம் தீரும் என்று நான் வாதிடவில்லை. அது பொய் வாதமாகும். இருவர் பெயரிலும் வீடும் கடனும் இருந்தால், கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்னும் வாசகத்தின்படி, ஏலத்தில் கிடைத்தது போதாமல் நிற்கும் பற்றாக்குறை முழுவதையும் வங்கி மனைவியிடமே கேட்கலாம். கணவனின் தொழிற்கடனுக்கு அவள் பிணை நின்றிருந்தாலும் அவ்வாறே. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1993இலும் 2001இலும் அளித்த தீர்ப்புகள், கணவன் கடனுக்காகக் கையெழுத்திடும் மனைவிக்குத் தனி வழக்கறிஞரின் விளக்கம் கிடைத்ததா என்பதை வங்கி உறுதிசெய்ய வேண்டும் என்றன. அத்தீர்ப்புகளை நம் நீதிமன்றங்களும் எடுத்து ஆராய்ந்துள்ளன. ஆகவே பெயர் உள்ளவளுக்காவது பேச ஒரு வாய் உண்டு. பெயரற்றவளுக்கு அதுவும் இல்லை. வீடு வாங்கியதில் அவள் நேராகப் பணம் போட்டதை மெய்ப்பித்தால் அறக்கட்டு முறையில் ஒரு பங்கு கேட்கலாம். எனினும் வஞ்சனையின்றித் தன் அடமானத்தை முன்னரே பதிவு செய்துகொண்ட வங்கியின் முன் அது பெரும்பாலும் தோற்கும்.

இந்நிலை இறைவன் விதித்ததன்று, மனிதர் தேர்ந்துகொண்டது. இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் நகரத்துக் கணவன் ஒருவன் 1957இல் மனைவியையும் மக்களையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். ஈராண்டு கழித்து வீட்டைத் தன் கம்பெனிக்கு மாற்றி, கம்பெனியின் பெயரால் அதை வங்கியில் அடமானம் வைத்தான். கடன் நின்றது, வங்கி வீட்டைக் கேட்டது. டென்னிங் பிரபு, கைவிடப்பட்ட மனைவிக்கு வீட்டில் இருக்கும் நியாய உரிமை வங்கியையும் கட்டுப்படுத்தும் என்றார். 1965இல் பிரபுக்கள் சபை அதை மறுத்து வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பால் எழுந்த மனக்கொதிப்பே 1967இல் மண இல்லச் சட்டத்தைக் கொணர்ந்தது: வீடு யார் பெயரில் இருந்தாலும் மற்றவர்க்கு அதில் குடியிருக்கும் உரிமை உண்டு, அதைப் பதிவு செய்துகொண்டால் பின்வரும் அடமானக்காரரையும் அது கட்டும். ஆங்கிலச் சட்டத்தின் எத்தனையோ கூறுகளைத் தயங்காது எடுத்துக்கொண்ட நம் நாட்டில் இதற்கு நிகரான சட்டம் இல்லை.

பதிவே இறுதி என்னும் நிலப்பதிவு முறையில் மனைவிக்கு இடம் கொடுத்தால் வணிகம் குலையும், வங்கிகள் கடன் தர அஞ்சும் என்பர் சட்டம் கற்றோர். கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலமும் நம்மைப் போலவே பதிவை நம்பும் நாடுதான். 1917ஆம் ஆண்டிலேயே அங்கு, குடும்பம் வாழும் வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ மனைவியின் ஒப்புதல் வேண்டும் என்று விதித்தார்கள். அயர்லாந்து 1976இல் அவ்வாறே செய்தது. எழுத்து மூலமான ஒப்புதல் இன்றிச் செய்த பத்திரம் செல்லாது என்றது. அங்கெல்லாம் வங்கிகள் மூடிப் போகவில்லை. கடன் கொடுக்கும் முன் மற்றொரு கையெழுத்தை வாங்கக் கற்றுக்கொண்டன.

வெளிநாடு எதற்கு? நம்மவரிடமே சொல் இருக்கிறது. 1707இல் டச்சுக்காரர் தொகுத்த யாழ்ப்பாணத்துத் தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரித்தது: முன்னோர் வழி வந்தது முதுசம்; பெண் கொண்டு வந்தது சீதனம்; மணவாழ்வில் இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். தேடியதேட்டம் இருவர்க்கும் உரியது. சிலோன் சாலைச் செண்பக விநாயகர் ஆலயத்தைக் கட்டி வளர்த்த சமூகத்தினர் இச்சொல்லோடுதான் இங்குக் கப்பலேறி வந்தனர். அங்கிருந்து சற்றுத் தொலைவில், கேலாங் சிராயில் வாழும் மலாய் மக்களிடம் 'ஹர்த்தா செப்பஞ்சாரியான்' என்னும் வழக்கு உண்டு. இணைந்து தேடிய பொருள் என்பதே அதன் பொருள். ஷரியா நீதிமன்றம் மணவிலக்கின்போது அதைப் பங்கிடுகிறது. நம் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கும் அதுவே சட்டம். இரண்டு மொழிகளும் 'தேடு' என்னும் ஒரே வினையிலிருந்து ஒரே எண்ணத்தை எட்டியிருக்கின்றன! மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டிக்கு விட்ட நகரத்தார்கூட, ஆச்சிமார் பணத்தைத் தனிக் கணக்காக எழுதி வைத்தார்கள். ஈட்டை மூழ்கடிக்கத் தெரிந்தவர்களுக்கு, எந்தப் பணம் மூழ்கக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது.

பழமையை முழுதும் போற்றுகிறேன் என்று எண்ண வேண்டா. தேசவழமை கணவனையே தேட்டத்தின் மேலாளன் ஆக்கிற்று. யாழ்ப்பாணத்தில் மணமான பெண் தன் சொந்த நிலத்தை விற்கவும் கணவனின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. கணவன் விற்க மனைவியின் ஒப்புதலை அது கேட்கவில்லை. ஒப்புதல் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்போர்க்கு இதுவே விடை. பெண்ணைக் கட்டுவதற்கு ஒப்புதல் விதி எளிதாகச் செல்லுபடியாயிற்று. ஆணைக் கட்டும்போது மட்டும் அது வணிகத்தைக் குலைக்குமோ?

எதிர்வாதங்களுள் ஒன்றுக்கு மதிப்புண்டு. மனைவி பெயரைத் திரையாக்கிக் கடன்காரரை ஏமாற்றும் கணவர்களும் உளர், அதற்கு உடன்படும் மனைவியரும் உளர். நொடிப்புச் சட்டம் அதை அறியும். நொடிப்பு விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் உரிய விலையின்றி மாற்றிக் கொடுத்த சொத்தைத் திரும்ப இழுக்க வழி வைத்திருக்கிறது. கடன் கழுத்தை நெரிக்கும்போது அவசரமாக வீட்டை மனைவிக்கு எழுதுவது பயன்படாது, பயன்படவும் கூடாது. நான் கேட்பது கடனுக்கு முன் கேட்கும் கேள்வியை. அது எவரையும் ஏமாற்றாது. வங்கியை முன்னதாகவே எச்சரிக்கும்.

மற்றொரு வாதம் நம் வீடுகளிலேயே கேட்பது: கணவன் மனைவிக்குள் பத்திரம் எதற்கு, அது நம்பிக்கையின்மை அன்றோ? வங்கி அவனிடம் பத்திரம் கேட்டபோது இவர்கள் யாரும் வங்கியைக் கோபிக்கவில்லை. பதினைந்து நிமிடம் பேசிய அதிகாரிக்கு ஐம்பது பக்கம் எழுதிக் கொடுத்தவன், பதினைந்து ஆண்டு சமைத்தவளுக்கு ஒரு வரி எழுத மனம் கூசுவானேன்? மேலும், கேட்பதில் சினமும் இல்லை. "ஏங்க, வீட்டுப் பத்திரத்துல என் பேரு இருக்கா?" என்று ஒரு மனைவி கேட்பது சண்டைக்கு அழைப்பு என்று கருதும் ஆடவன், தன் பதில் என்ன என்பதை முன்பே அறிந்தவன்.

அவள் கேட்காமலும் அறியலாம். சிங்கப்பூர் நில ஆணையத்தின் பதிவேட்டைச் சிறு கட்டணம் செலுத்தி எவரும் தேடிப் பார்க்கலாம். உரிமையாளர் யார், எந்த அடமானம் எந்த நாளில் ஏறியது என்பவை அதில் இருக்கும். கைப்பேசியில் நாள்தோறும் தொடர்கதை பார்க்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். இதை நம் பெண்களுக்குச் சொல்லித் தருவோர் இல்லை.

தமிழாசிரியர்களை நோக்கி ஒரு வேண்டுகோள் விடுக்கலாம் என்று நினைக்கிறேன். கிரயம், ஈடு, ஒற்றி, போக்கியம், அடமானம் என்று எத்தனை நுட்பமான சொற்கள் நம்மிடம் உள்ளன! ஒற்றியில் கடன் கொடுத்தவன் நிலத்தை அனுபவிப்பான். வெறும் ஈட்டில் கடன்பட்டவனே வைத்திருப்பான். இவ்வேறுபாடு நம் உயர்நிலை மாணவருள் எத்தனை பேருக்குத் தெரியும்? கருத்தறிதல் பகுதிக்குத் தேனீயையும் நேர மேலாண்மையையும் பற்றிய பத்திகளையே ஆண்டுதோறும் கொடுத்து வருகிறோம். ஒரு முறை, வங்கி அனுப்பும் அடமானக் கடிதம் ஒன்றை எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். வினாக்கள் மூன்று போதும்: கடன் வாங்கியவர் யார்? அந்த வீட்டில் வாழ்பவர்கள் யார் யார்? இக்கடிதத்தின் படி, அவர்களுள் யாருக்கு யார் தெரிவிக்க வேண்டும்? மூன்றாம் வினாவுக்கு விடை எழுத முயலும் பிள்ளை, அக்கடிதத்தில் தன் தாயின் பெயரைத் தேடுவாள்.